மருந்துக்கடையின் உள்ளமைப்பு மருந்தாளரின் பணியையும் மக்களின் வசதியையும் எவ்வாறு பாதிக்கிறது?

சிங்கப்பூரில் சில மருந்துகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்கலாம். ஆனால் மருந்தாளரோ அவரது மேற்பார்வையில் இருப்பவரோதான் அவற்றைத் தர வேண்டும் என்பது சட்டம். ஆகவே அந்த மருந்துகள் மருந்து வழங்கும் முகப்பு மேசைக்குப் பின்னால் வைக்கப்படுகின்றன, வாடிக்கையாளர் மருந்தாளரிடம் பேசித்தான் அவற்றைப் பெற முடிகிறது. உள்ளமைப்பு முக்கியமாவது இங்கேதான். பல கடைகளில் அந்த முகப்பு அழகுப் பொருள்களையும் சத்து மாத்திரைகளையும் கடந்து, கடைசிச் சுவரோரம் இருக்கிறது. கைத்தடியுடன் வரும் முதியவர் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். சக்கர நாற்காலி திரும்புவதற்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் இடம் தேவைப்படுகையில், நடைவழியில் நிறுத்தப்படும் தள்ளுபடி அட்டைப்பெட்டிகள் அதையும் அடைத்துவிடுகின்றன.

மருந்தாளரின் பக்கம் எனக்கு இன்னும் கவலை தருகிறது. இரத்த அழுத்தத்திற்கான ஹைட்ராலசினும் அரிப்புக்கான ஹைட்ராக்சிசினும் பெயரளவில் எளிதில் குழம்பக்கூடியவை. அவை அருகருகே அடுக்கப்பட்டிருந்து, சீட்டைச் சரிபார்க்கும் இடமே பணம் செலுத்தும் இடமாகவும் இருந்தால், "ஷாம்பு எங்கே இருக்கிறது?" என்ற ஒரு கேள்வியே கவனத்தைச் சிதறடிக்கப் போதும். சரிபார்ப்பு மேசையைத் தனியே, நல்ல வெளிச்சத்தில் அமைப்பது ஆடம்பரம் அன்று.

மூலநோய்க்கோ கருத்தடைக்கோ ஆலோசனை கேட்பவர், பின்னால் வரிசை நிற்கும்போது வாய் திறக்கமாட்டார். இடம் குறைந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வட்டாரக் கடையில் தனி அறை அமையாவிட்டாலும், முகப்பின் ஒரு முனையில் தடுப்பு வைத்து, அப்பகுதியைத் தாழ்வாக்கி, ஒரு நாற்காலியும் போடலாம். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அதே இடம் பயன்படும்.