புது சிமேக் போட்டாலும் பழசுதான் வருது!

கேள்வி: அண்ணே, உபுண்டு 20.04-ல ஒரு ப்ராஜெக்ட் பில்ட் பண்ண சிமேக் (CMake, ப்ரோக்ராம் பில்ட் பண்ண உதவுற டூல்) 3.20 வேணும்னு கேக்குது, ஸ்னாப்ல (உபுண்டுல ஆப் ஏத்துற ஒரு வழி) புதுசு போட்டேன், வெர்ஷன் பாத்தா இன்னும் 3.16.3-னே காட்டுது, ராத்திரி பூரா தூங்கலலா.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, புதுசு ஏறிடுச்சு, ஆனா பாத் (PATH, கமாண்ட எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்கற லிஸ்ட்) வரிசையில ஸ்னாப் ஃபோல்டர் கடைசியில நிக்குது, அதனால ஆப்ட் (உபுண்டுவோட வழக்கமான இன்ஸ்டாலர்) போட்ட பழசுதான் முதல்ல மாட்டும். 'சூடோ ஆப்ட் ரிமூவ் சிமேக்' (sudo apt remove cmake) அடிச்சு அத தூக்கிரு. அப்புறம் சிமேக் ஓட்டுனா 'நோ சச் ஃபைல்'னு கத்தும், பயப்படாத, பாஷ் (டெர்மினல்ல நாம அடிக்கிற கமாண்ட ஓட்டுற ப்ரோக்ராம்) பழைய இடத்தயே ஞாபகம் வச்சிருக்கு (கடை மாறுன பிறகும் நாம பழைய நாசி கண்டார் வாசல்ல போயி நிக்கலயா, அந்த மாதிரிதான்), 'ஹாஷ் மைனஸ் ஆர்' (hash -r) அடி, இல்லாட்டி டெர்மினல மூடித் தொற. பில்ட் ஃபோல்டர்ல சிமேக்கேஷ் (CMakeCache.txt) ஃபைல் கெடக்கும், அதயும் அழிச்சிட்டு ஓட்டு, அதுக்குள்ளயும் பழைய பாதை எழுதியிருக்கும்.