கயிறு கட்டிவிட்டவர் யார்?

கேள்வி: எங்கள் பக்கம் ஒன்பதாம் வகுப்புப் பையன்கூட கையில் தன் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டிக்கொண்டு திரிகிறான். செல்போனைத் திறந்தால் சாதிப் பாட்டு. சினிமாவும் பாட்டும் கதையும்தானே இந்த வயசுப் பிள்ளைகளைக் கெடுக்கின்றன? சாதியைப் பேசும் படங்களை மொத்தமாகத் தடை செய்தால் என்ன?
(ஒரு வாசகர், களக்காடு)

பதில்: தடை செய்யக் கூடாது. நோயைக் காட்டுகிற படத்தையும் நோயைப் பரப்புகிற பாட்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள்.

பூமணியின் ‘வெக்கை’ 1982-இல் வந்த நாவல். அவர் ஊர்ப்பக்கமான கோவில்பட்டி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு, பதினைந்து வயசுச் சிதம்பரம் அப்பாவோடு தலைமறைவாகத் திரிகிறான். படித்துப் பாருங்கள், அரிவாள் மேல் யாருக்கும் ஆசை வராது. அந்த வயசில் ஒரு பிள்ளை சுமக்கக் கூடாத பாரம் அவன் தலையில் எப்படி ஏறியது என்றுதான் மனசு கிடந்து தவிக்கும்.

‘பரியேறும் பெருமாள்’ படம் 2018-இல் வந்தது. சட்டக் கல்லூரியில் படிக்கும் தலித் பையன் பரியன், வேறு சாதியைச் சேர்ந்த வகுப்புத் தோழி ஜோவோடு பழகியதற்காகப் பட்ட அடியையும் அவமானத்தையும் எல்லோரும் பேசிவிட்டார்கள். நீங்கள் இன்னொரு பையனைக் கவனியுங்கள். அதே வகுப்பில் படிக்கும் ஜோவின் உறவுக்காரன். தங்கள் வீட்டுப் பெண் யாரோடு பேசுகிறாள் என்று காவல் காப்பதுதான் தன் வேலை என்று நினைக்கிறான். படிக்க வந்த பையனுக்கு இந்த வேலையை யார் கொடுத்தார்கள்? ஜோவின் அப்பாவும் சொந்தக்காரர்களுக்குப் பயந்தவர்தான். தன் ஆட்கள் பரியனோடு தன் மகளையும் சேர்த்துக் கொன்றுவிடுவார்கள் என்று அவரே சொல்கிறார். பெரியவர்களின் அந்தப் பயம்தான் பிள்ளைகளிடம் வீரம் என்ற பேரில் வந்து சேர்கிறது. இதை எடுத்துச் சொல்கிற படத்தைத் தடை செய்துவிட்டு யாரைக் காப்பாற்றப் போகிறோம்? (ஜோவுக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது. நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் நிலைமையும் அதுதான். உங்கள் கேள்வியிலும் அவர்கள் இல்லை.)

பாட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ‘நாங்கள் ஆண்ட பரம்பரை’ என்ற ரகத்தில் வருகிற பாட்டுகளைக் கேட்டால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் பையன் அதைத் தேடிப் போவதற்கு முன்பே அது அவன் காதுக்கு வந்துவிடுகிறது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி பிரித்து, ரேடியோ செட் பேசி, ராத்திரி முழுக்க அதைப் போட விடுகிறவர்கள் பெரியவர்கள். மீசை அரும்பாத பையன்கள் படத்தைச் சாதித் தலைவர் படத்துக்குக் கீழே பிளக்ஸில் அடிக்கக் காசு கொடுப்பதும் பெரியவர்கள். கயிறு கட்டாதவனை ‘நீ நம்ம பையன்தானாடா?’ என்று சேக்காளிகள் கேட்கும்போது பதினாலு வயசுப் பையன் என்ன செய்வான்? கையை நீட்டத்தான் செய்வான்.

நாங்குநேரி உங்களுக்குப் பக்கத்து ஊர். 2023 ஆகஸ்டில் ஒரு பிளஸ் டூ மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்த பையன்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கலர் கயிறுக்குத் தடை வேண்டும் என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. இது புதுசும் இல்லை. 2019-லேயே பள்ளிக் கல்வித் துறையிலிருந்து கயிறுக்கு எதிராகச் சுற்றறிக்கை போனது. எதிர்ப்பு வந்ததும் அது தனக்குத் தெரியாமல் போனது என்றார் அன்றைய அமைச்சர். அந்த எதிர்ப்பைக் கிளப்பியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லை.

அடுத்த கொடைக்கு வரி கேட்டு வருவார்கள் அல்லவா, அப்போது என்ன பாட்டு போடப் போகிறீர்கள் என்று கேளுங்கள். சாதிப் பாட்டு என்றால் வரி தர மாட்டேன் என்று சொல்லுங்கள். பிளக்ஸில் உங்கள் வீட்டுப் பையன் படம் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு நாள் அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து ‘பரியேறும் பெருமாள்’ பாருங்கள்.