வானத்துக்கு நிறம் தீட்டுவது யார்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சந்திரா, ஆஸ்ட்ரோசாட் விண்தொலைநோக்கிகளைப் பற்றி நீங்கள் எழுதிவருவதை விடாமல் வாசிக்கிறேன். ஒரு சந்தேகம். எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும் கண்ணுக்கே தெரியாதவை. அப்புறம் எப்படி அந்தப் படங்களில் ஊதாவும் நீலமும் ரோஜா நிறமுமாக அப்படிப் பளபளக்கிறது? யாரோ கணினி முன் உட்கார்ந்து தீட்டியதுதானே? "அது விஞ்ஞானம் இல்லை, விளம்பரம்" என்கிறார் என் நண்பர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று: மலையுச்சிகளில் பத்து மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கிகள் இருக்கும்போது, ஆஸ்ட்ரோசாட்டில் உள்ளதுபோல 38 சென்டிமீட்டர் கண்ணாடியை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பி அப்படி என்ன புதிதாகப் பார்த்துவிட முடியும்?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

நிறத்தைத் தீட்டியது மனிதர்தான். அதுவரை உங்கள் நண்பர் சொல்வது சரி. தீட்டுவதற்கு முன்னால் கையில் என்ன இருந்தது என்பதை அவர் கேட்டிருக்க வேண்டும்.

நாசாவின் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியான சந்திரா பூமிக்கு அனுப்புவது ஒரு பட்டியலை. வந்து விழுந்த ஒவ்வொரு ஃபோட்டானுக்கும், அதாவது ஒளித்துகளுக்கும், அதில் ஒரு வரி உண்டு: உணரியில் எந்த இடத்தில் விழுந்தது, எந்த நேரத்தில் விழுந்தது, அதன் ஆற்றல் எவ்வளவு. எக்ஸ் கதிர் ஃபோட்டான்கள் அவ்வளவு அரிதாகத்தான் வருகின்றன, ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். தென்வானில் ஒரு சிறு துண்டை சந்திரா பல ஆண்டுகளாக விட்டுவிட்டுப் பார்த்தது. பார்த்த நேரத்தைக் கூட்டினால் 70 லட்சம் விநாடி, அதாவது 81 நாள். அவ்வளவு நேரம் காத்திருந்தும் அங்குள்ள மங்கலான மூலங்களிலிருந்து கிடைத்தது விரல்விட்டு எண்ணக்கூடிய ஃபோட்டான்கள்தான். இந்தப் பட்டியலை இடவாரியாகக் கூட்டினால் படம் கிடைக்கும். நேரவாரியாக அடுக்கினால் துடிப்பு தெரியும். ஆற்றல்வாரியாகப் பிரித்தால் அங்கே என்ன தனிமம் இருக்கிறது, எத்தனை கோடி பாகை வெப்பம் என்று தெரியும். இந்த மூன்றில் செய்தித்தாளுக்குப் போவது முதலாவது மட்டும்.

சொல்லப்போனால் இந்தத் துறை படமே இல்லாமல்தான் தொடங்கியது. 1962 ஜூன் 18 அன்று ரிக்கார்டோ ஜியாக்கோனியும் அவர் குழுவினரும் நியூ மெக்சிகோவிலிருந்து ஏரோபீ ராக்கெட் ஒன்றை ஏவினார்கள். அதன் தலையில் இருந்தவை கெய்கர் எண்ணிகள், கதிர்வீச்சு வந்து விழுவதை எண்ண மட்டும் தெரிந்த கருவிகள். சூரியனின் கதிர் பட்டு நிலாவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்ப்பதாகத்தான் திட்டம். கிடைத்தது ஏறக்குறைய ஆறு நிமிடம். அதற்குள் விருச்சிக ராசிப் பக்கத்திலிருந்து யாரும் எதிர்பாராத அளவு எக்ஸ் கதிர் கொட்டியது. நம் சூரியன் எக்ஸ் கதிராக வெளிவிடுவது அதன் மொத்த ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். இந்தப் புதிய பொருளிலோ கண்ணுக்குத் தெரியும் ஒளியைப்போல ஆயிரம் மடங்கு எக்ஸ் கதிராக வந்துகொண்டிருந்தது. அதுவரை அறிந்த எந்த விண்மீன் வகையிலும் அதை அடைக்க முடியவில்லை. ஜியாக்கோனிக்கு 2002-இல் நோபல் கிடைத்தது.

அடுத்து உஹுரு. 1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடற்கரைக்கு அப்பால் உள்ள மேடையிலிருந்து ஏவப்பட்ட செயற்கைக்கோள். அதில் கண்ணாடியே கிடையாது, வெறும் எண்ணிகள். செண்டாரஸ் எக்ஸ்-3 என்ற மூலத்தை அது பார்த்தபோது எண்ணிக்கை 4.8 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கியது. சுமார் 2.1 நாளுக்கு ஒருமுறை மொத்தமாக அணைந்து மறுபடி வந்தது. இவ்வளவுதான் தரவு. இதிலிருந்தே கதை முழுக்க விளங்கிவிட்டது: தன்னைத்தானே சுற்றும் ஒரு நியூட்ரான் விண்மீன் (வெடித்த விண்மீனின் நெருங்கி இறுகிய உட்கரு), பக்கத்தில் ஒரு பெரிய விண்மீன், அதன் வாயுவை இது உறிஞ்சுகிறது, உறிஞ்சப்பட்ட வாயு விழும் வேகத்தில் சூடேறி எக்ஸ் கதிரைக் கக்குகிறது, பெரியதன் பின்னால் சிறியது போகும்போதெல்லாம் கிரகணம். நிறத்துக்கு இங்கே வேலையே இல்லை.

படம் எடுக்கும் சங்கதி பிறகு வந்தது. எக்ஸ் கதிரை நேராக ஒரு கண்ணாடியில் விட்டால் அது திரும்பாது, உள்ளே புகுந்துவிடும். ஒரு பாகைக்கும் குறைவான சாய்வில் உரசவிட்டால்தான் திசை மாறும். அதனால் சந்திராவின் கண்ணாடிகளைப் பார்த்தால் கண்ணாடி என்றே தோன்றாது. இருபுறமும் திறந்த பீப்பாய்கள்போல ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு சோடி, உட்புறம் இரிடியம் பூச்சு. பெரியது 1.2 மீட்டர் குறுக்களவு. அவை கதிரைக் குவிப்பது பத்து மீட்டர் தள்ளி. இந்த வடிவத்தை 1952-இல் யோசித்தவர் ஹான்ஸ் வோல்ட்டர் என்ற ஜெர்மானியர், அதுவும் நுண்ணோக்கிக்காக!

நிறத்துக்கு வருகிறேன். பட்டியலில் ஆற்றல் குறைந்த ஃபோட்டான்களுக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்குப் பச்சை, அதிக ஆற்றலுக்கு நீலம் என்று கொடுப்பது ஒரு வழக்கம். நேர்மையாகச் செய்தால் அந்த நிறம் ஓர் அளவீடு. காஸியோப்பியா ஏ என்ற வெடித்த விண்மீனின் எச்சத்தில் சிலிக்கனின் ஆற்றலில் வந்த ஃபோட்டான்களைத் தனியாகவும் இரும்பினுடையதைத் தனியாகவும் பிரித்தார்கள். விண்மீனின் மையத்துக்கு அருகே சமைந்த இரும்பு, ஒரு பக்கத்தில் சிலிக்கனையும் தாண்டி வெளியே போய்க் கிடந்தது. வெடிப்பில் உள்ளே இருந்தது வெளியே புரண்டுவிட்டிருக்கிறது. தனித்தனி நிறம் கொடுத்ததால்தான் பார்த்தவுடன் அது புலப்படுகிறது. ஆனால் எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்ற குறிப்பே இல்லாமல், எக்ஸ் கதிரையும் அகச்சிவப்பையும் ரேடியோவையும் ஒன்றாகக் குழைத்து, ஊதாவாக வாரி இறைக்கிறார்களே, அந்தப் படங்கள் எனக்கும் பிடிக்காது. அந்த வகையைத்தான் உங்கள் நண்பர் சொல்கிறார் என்றால் நான் அவர் கட்சி.

இரண்டாவது கேள்விக்கு முதல் பதில், மலையுச்சி போதாது என்பதுதான். 300 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாவை ஓசோன் விடுவதில்லை. எக்ஸ் கதிர் உடலையே துளைக்குமே, காற்றைத் துளைக்காதா என்று கேட்கலாம். நம் தலைக்கு மேல் உள்ள காற்றின் எடை பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம், அவ்வளவையும் தாண்டி அது வராது. விண்மீன்களிலிருந்து வரும் எக்ஸ் கதிரில் பெரும்பகுதி மருத்துவமனைக் கதிரைவிட மென்மையானதும்கூட.

இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. எக்ஸ் கதிர்க் கருவிகளோடு அதில் 38 சென்டிமீட்டர் புற ஊதாத் தொலைநோக்கிகள் இரண்டு இருக்கின்றன. போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் அவற்றின் மூடியைத் திறக்கவே இல்லை. புதுச் செயற்கைக்கோளிலிருந்து கசியும் ஆவி கண்ணாடியில் படிந்து, புற ஊதா பட்டு இறுகிப்போனால் கருவி குருடாகிவிடும். திறந்த பிறகும் பயம்தான்: பிரகாசமான விண்மீன் ஒன்று எதிரே வந்தால் உணரி கெடும், ஆகவே எந்தத் திசையையும் முன்கூட்டியே சோதித்த பிறகே திருப்புவார்கள். இதுவும் ஃபோட்டான்களை எண்ணும் கருவிதான். செயற்கைக்கோள் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு ஃபோட்டானையும் உரிய இடத்துக்கு நகர்த்திய பிறகே படம் சேரும்.

38 சென்டிமீட்டர் ஏன் போதும் என்றால், புற ஊதாவில் வானம் கிட்டத்தட்ட காலியாகிவிடும். குளிர்ந்த, வயதான விண்மீன்கள் எல்லாம் மறைந்துபோகும். சூடானவை மட்டும் நிற்கும். என்.ஜி.சி. 188 மிகப் பழைய விண்மீன் கொத்து. எல்லாம் ஒரே காலத்தில் பிறந்தவை; ஆனால் சில மட்டும் வயசுக்குப் பொருந்தாமல் இளமையாக இருக்கின்றன. அப்படி ஒன்றை ஆஸ்ட்ரோசாட் பார்த்தபோது அதன் புற ஊதா ஒளி அளவுக்கு மீறி இருந்தது. கணக்குப் போட்டதில், 6,000 கெல்வின் வெப்பநிலை உள்ள விண்மீனோடு 17,000 கெல்வினில் ஒரு துணை ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்தத் துணை தன் வாயுவைக் கொடுத்துத்தான் இதற்கு இந்த இளமை. சாதாரண ஒளியில் மட்டும் பார்த்திருந்தால் ஒரே விண்மீன் என்றே முடித்திருப்போம்.

இன்னும் பெரியது ஒன்று உண்டு. 91.2 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதாவை ஹைட்ரஜன் அணுக்கள் விழுங்கிவிடும், ஆகவே அது ஒரு கேலக்ஸியை விட்டு வெளியே வருவதே கடினம். பிரபஞ்சத்தின் தொடக்கக் காலத்தில் ஹைட்ரஜன் மூட்டத்தைக் கலைத்தது இந்தக் கதிர்தான் என்று கருதுகிறார்கள்; எப்படித் தப்பி வெளியே வந்தது என்பது பழைய புதிர். 2016 அக்டோபரில் ஆஸ்ட்ரோசாட் 28 மணிநேரத்துக்கு மேல் பார்த்த ஒரு பகுதியில், 930 கோடி ஒளியாண்டு தள்ளி உள்ள கேலக்ஸியிலிருந்து அப்படித் தப்பிய ஃபோட்டான்கள் கிடைத்தன. ஹப்பிள் விண்தொலைநோக்கி துருவித் துருவிப் பார்த்த பகுதிதான் அது. ஆனால் பின்னணி இரைச்சல் ஆஸ்ட்ரோசாட் கருவியில் மிகக் குறைவு. சரிபார்த்து வெளியிட 2020 ஆகிவிட்டது.

சந்திரா தரவு பெரும்பாலும் ஓராண்டுக்குள் பொதுவில் வந்துவிடும், காசில்லை. காஸியோப்பியா ஏ-யின் பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள், டி.எஸ்.9 என்ற இலவச மென்பொருளில் திறக்கலாம். ஃபோட்டான் ஆற்றலை 1.7 முதல் 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அலகு) வரை வடிகட்டினால் சிலிக்கன், 6.4 முதல் 6.9 வரை வடிகட்டினால் இரும்பு. நிறத்தை நீங்களும் நண்பருமே தேர்ந்துகொள்ளலாம். எங்காவது மாட்டிக்கொண்டால் எழுதுங்கள்.