இரண்டு எழுவாயா?

வணக்கம். ஜப்பானிய மொழி என்5 தேர்வுக்குப் படிக்கிறேன். ‘வா’ வந்தால் எழுவாய் என்று வகுப்பில் சொன்னார்கள். ‘ஸோ வா ஹனா கா நகாய்’ (யானை, மூக்கு நீளம்) என்ற வாக்கியத்தில் ‘கா’வும் எழுவாய் உருபுதானாம். ஒரே வாக்கியத்தில் இரண்டு எழுவாயா? இலக்கணமே இல்லாத மொழியோ என்று தோன்றுகிறது.
- ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

இலக்கணம் இருக்கிறது, உங்களுக்குச் சொல்லித்தந்த சூத்திரம்தான் தப்பு. நீளமாக இருப்பது எது? மூக்கு. அதுதான் எழுவாய், அதனால் ‘கா’. யானை இங்கே பேச்சுப்பொருள். ‘யானையை எடுத்துக்கொண்டால்’ என்று முதலில் அதை வைத்துவிட்டு, அப்புறம் அதைப் பற்றிச் சொல்கிறார்கள். மிகாமி அகிரா என்ற இலக்கண அறிஞர் 1960இல் இந்த வாக்கியத்தையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஜப்பானிய இலக்கணத்துக்கு எழுவாய் என்ற கருத்தே வேண்டாம் என்கிற அளவுக்குப் போனார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், ஆனால் ‘வா’வை எழுவாய் என்று சொல்லித்தருவது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். அப்படிப் படித்தவர் ஓட்டலில் ஒருவர் ‘வதாஷி வா உனாகி தெசு’ என்று சொல்வதைக் கேட்டால் ‘நான் விலாங்கு மீன்’ என்றுதானே புரிந்துகொள்வார்? சொன்னவர் கேட்டது சாப்பிட விலாங்கு.

பேச்சுப்பொருள் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும். மொமொதாரோ கதையின் தொடக்கத்தைப் பாருங்கள்: முன்னொரு காலத்தில் ஒரு தாத்தாவும் பாட்டியும் இருந்தார்கள், இங்கே ‘கா’. அடுத்த வரியில் தாத்தா மலைக்கு விறகு பொறுக்கப் போகிறார், இப்போது ‘வா’, ஏனென்றால் தாத்தாவை நமக்கு அறிமுகப்படுத்தியாகிவிட்டது. ‘யார் வந்தது?’ என்று கேட்கும்போது ‘தாரே’வுக்கு (யார்) பின் ‘கா’ மட்டுமே வருவதும் இதனால்தான், யாரென்றே தெரியாதவரைப் பேச்சுப்பொருளாக்க முடியாது.

சீன மொழியில் இதற்கென்று கட்டாயமான உருபு எதுவும் கிடையாது, வாக்கியத்தின் முதலில் வைத்தாலே போதும். ‘அந்தத் தீ, நல்லவேளை தீயணைப்புப் படை சீக்கிரம் வந்தது’ என்ற அமைப்பு அங்கே இயல்பான வாக்கியம். 1976இல் சார்ல்ஸ் லீ, சாண்ட்ரா தாம்சன் என்ற மொழியியலாளர்கள் மொழிகளை இந்த அடிப்படையில் பிரித்தபோது சீனத்தைப் பேச்சுப்பொருள் முதன்மை மொழி என்றார்கள். ஜப்பானியத்திலும் கொரியத்திலும் எழுவாய், பேச்சுப்பொருள் இரண்டுக்கும் சம இடம் என்றார்கள்.

‘அந்தப் படம் நான் பார்த்துட்டேன்’ என்று நாமும் சொல்கிறோம்தான். ஆனால் நம் வினைமுற்றில் ‘-ஏன்’ என்ற விகுதி ஒட்டியிருப்பதால் பார்த்தது யார் என்று தெரிந்துவிடுகிறது, ஜப்பானிய வினையில் அந்த உதவி கிடையாது. அதனால் ‘வா’ வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்வது யார், இருப்பது எது என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பலசமயம் ‘வா’ ஒட்டிய சொல்லே பதிலாக வரும், சிலசமயம் வராது.