கடற்படை அணு உலை அனுபவம் அணுமின் நிலையத்தில் செல்லுமா?

அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கியில் உலை இயக்கியவர், வெளியே வந்ததும் அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் நேராக உட்கார முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அனுபவத்துக்கு நல்ல மதிப்பு உண்டு, ஆனால் அது உரிமமாக மாறாது. உலை இயக்குநர் உரிமத்தை அமெரிக்காவின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம்தான் (NRC) தருகிறது, அதுவும் குறிப்பிட்ட நிலையத்துக்கு மட்டும். பலரும் முதலில் உரிமம் தேவைப்படாத கள இயக்குநராகச் சேர்ந்து, வால்வு, பம்பு என்று சுற்றிப் பழகி, அப்புறம் உரிமப் பயிற்சிக்குப் போகிறார்கள்.

இயற்பியல் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. பழக்கம்தான் இடிக்கும். கப்பலில் வேகத்துக்கேற்பத் திறன் சட்டென ஏறி இறங்கும். மின்நிலையமோ மாதக்கணக்கில் முழுத் திறனிலேயே ஓடும். அழுத்தநீர் உலை (நீரைக் கொதிக்க விடாமல் உயர் அழுத்தத்தில் வைப்பது) என்றால், முதன்மைச் சுற்று நீரில், அதாவது உலைக்குள் ஓடும் நீரில், நியூட்ரான்களை உறிஞ்சி வினையை அடக்கும் போரிக் அமிலம் கலந்திருக்கும். எரிபொருள் தேயத் தேய அதன் அடர்த்தியைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். கப்பலில் அன்றாடம் இந்த வேலை கிடையாது. உலைக்குள்ளேயே நீர் கொதிக்கும் கொதிநீர் உலையில் டர்பைனுக்கே கதிரியக்க நீராவி போகும், அது இன்னும் புதிது. 18 அல்லது 24 மாதத்துக்கு ஒருமுறை எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தும்போது வேலை குவியும்.

சரி, விண்ணப்பத்தில் உலையின் ரகசிய விவரம் எதையும் எழுதாதீர்கள். எந்தெந்தப் பணிநிலைகளில் தேர்ச்சி பெற்றீர்கள், யாருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்பது போதும்.