மீன்கொத்தியின் அலகு எங்கே போனது?

கேள்வி: ஐயா, பணி ஓய்வுக்குப் பிறகு பறவைகளைப் படமெடுத்து வருகிறேன். 13 × 19 அங்குலப் பளபளப்புத் தாள் வாங்கி, போட்டோஷாப்பில் மீன்கொத்திப் படத்தையும் அதே அளவுக்கு வெட்டி வைத்தேன். பிரின்டரின் பட்டியலில் அந்த அளவு இல்லாததால் ஏ3 என்று கொடுத்தேன். அச்சில் அலகின் நுனியும் இல்லை, வாலின் நுனியும் இல்லை. பிரின்டர் கெட்டுவிட்டதா?

பதில்: பிரின்டரைத் திட்டாதீர்கள், அம்மா. சொன்னதைத்தான் செய்திருக்கிறது. ஏ3 என்பது 297 × 420 மி.மீ.; உங்கள் தாளோ 329 × 483. நீளத்தில் 63 மி.மீ. குறைகிறது. படம் நடுவில் அமர்ந்ததால் பக்கத்துக்கு 3 செ.மீ.க்குச் சற்று மேல் வெட்டுப்பட்டது. அலகும் வாலும் போன கணக்கு இதுதான். அச்சிடும்போது ஓர் எச்சரிக்கைப் பெட்டி வந்திருக்கும். அதைப் படிக்காமல் மூடுவதில் நானும் உங்கள் கட்சிதான்.

போட்டோஷாப்பில் நீங்கள் வைத்தது படத்தின் அளவு. தாளின் அளவைக் கேட்பது டிரைவர், அதாவது கணினியிலிருந்து பிரின்டரை இயக்கும் மென்பொருள். கடைசிச் சொல் அதனுடையது. இது புரிவதற்குள் நான் மூன்று நல்ல தாள்களைப் பாழாக்கினேன். டிரைவரில் என்றோ போட்ட ஏ4 அப்படியே இருந்ததைக் கவனிக்காமல், படத்தைத்தான் திருத்தித் திருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில், உங்கள் பிரின்டர் 329 மி.மீ. அகலத்தை ஏற்குமா என்று கையேட்டில் பாருங்கள். ஏ3 வரைதான் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஏற்கும் என்றால், பட்டியலில் அந்த அளவு வேறு பெயரில் ஒளிந்திருக்கலாம்: ஏ3 பிளஸ், சூப்பர் பி இரண்டும் இதுதான். அப்படியும் இல்லையா? தாள் எங்கிருந்து போகிறது என்ற இடத்தில் கீழ்த்தட்டு தேர்வாகியிருக்கும். சில பிரின்டர்களில் பின்பக்க வழியைத் தேர்ந்தெடுத்த பிறகே பெரிய அளவுகள் தலைகாட்டும். அதற்கும் மசியவில்லை என்றால், கணினி தானாகச் சேர்த்துக்கொண்ட பொது டிரைவரை நீக்கிவிட்டு, தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவுங்கள்.

போட்டோஷாப்பின் பிரின்ட் சாளரத்திலேயே உள்ள ‘பிரின்ட் செட்டிங்ஸ்’ பொத்தானை அழுத்தி, தாளின் அளவை முதலில் அங்கே மாற்றுங்கள். திரும்பி வந்ததும் முன்னோட்டத்தில் தாள் பெரிதாகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

விளிம்பில்லாமல் அச்சிடும் ஆசை இருந்தால் சொல்லிவிடுகிறேன்: அந்த முறையில் டிரைவர் படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களைத் தாளுக்கு வெளியே தள்ளும், அலகு மறுபடியும் ஆபத்தில். எனக்கு வெள்ளை விளிம்புதான் பிடிக்கும். கேமராவின் 3:2 படத்தை வெட்டாமல் 12 × 18 அங்குலத்தில் வைத்தால் நான்கு பக்கமும் சரியாக அரை அங்குலம் மிஞ்சும். 24 மெகாபிக்சல் கேமராவின் 6000 × 4000 படத்தில் அங்குலத்துக்கு 333 பிக்சல் கிடைக்கும், தாராளம்.

அமைப்பு சரிவந்ததும் டிரைவரில் ஒரு பெயரிட்டுச் சேமித்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை ஏ4 வந்து உட்கார்ந்துகொள்ளும். வீணான தாளின் பின்பக்கத்தில் மட்டும் அச்சிட்டுப் பார்க்காதீர்கள். அங்கே பூச்சு இல்லாததால் மை உலராமல் உருளைகளில் அப்பும்.