நாய்க்கடி: முதல் ஊசியோடு நிறுத்தலாமா?

வணக்கம் சகோதரி. மகனைத் தெருநாய் கணுக்காலில் கடித்து ரத்தம் வந்தது, அன்றே ஊசி போட்டாயிற்று, இப்போது காயமும் காய்ந்துவிட்டது, மீதி ஊசி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

காயம் ஆறுவதற்கும் ரேபிஸுக்கும் சம்பந்தமே இல்லை. இந்த வைரஸ் ரத்தத்தில் சுற்றுவதில்லை. கடிபட்ட இடத்துத் தசையில் இருந்துகொண்டு நரம்பு முனைக்குள் நுழையும். அப்புறம் நரம்பு வழியாகவே தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஏறும். நரம்புக்குள் போய்விட்டால் நம் எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் அது எளிதில் படாது. கணுக்காலிலிருந்து மூளைக்குத் தூரம் அதிகம். அந்த அவகாசத்தைத்தான் தடுப்பூசி பயன்படுத்திக்கொள்கிறது.

ஆனால் ஊசி போட்டதும் உடல் ஆன்டிபாடியை, அதாவது வைரஸை எதிர்க்கும் புரதத்தை, தயாரித்துவிடாது, ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அடுத்தடுத்த ஊசிகள்தான் அதைப் போதிய அளவுக்கு உயர்த்தும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் போடுகிறார்கள். அது ஏற்கெனவே தயாரான ஆன்டிபாடி. மகனுக்குப் போட்டார்களா என்று சீட்டைப் பாருங்கள். போடவில்லை என்றால் இன்றே மருத்துவரிடம் கேளுங்கள், முதல் ஊசியிலிருந்து 7 நாளுக்குள் போடலாம்.

சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் சொல்வதும் சடங்குக்கு அல்ல. இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைச் சிதைத்துவிடும். என் தம்பியைக் கடித்தபோது வீட்டில் சுண்ணாம்பு தடவினார்கள், இன்றும் நினைத்தால் பதறுகிறது.

அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். அடுத்த ஊசித் தேதி என்ன? தவறியிருந்தாலும் பரவாயில்லை, இன்றே கூட்டிப் போங்கள்.